கஞ்சி லாரியின் கதவு போல்ட்டு

ஜூன் 14, 1943. திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கொடியில் போட்டதெல்லாம் ஈரம். பெண் ஜெயாவின் குடையில் கம்பி ஒடிஞ்சு போச்சு. ஆத்துக்காரருடைய பெரிய குடையைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அவர் நனைஞ்சுண்டே ஸ்டேஷனுக்கு ஓடினார். ஒரு வார்த்தை கடிஞ்சு சொல்லலை. அப்படிப்பட்ட மனுஷரிடம் ஒளிக்கிறேன்.

நேற்று நடந்ததை எழுதியாவது வைக்கிறேன்.

சங்கத்துக் கஞ்சி லாரி. ஒரு மில் சேட் எங்கள் மாதர் சங்கத்துக்கு இரவல் கொடுத்தது. அரிசிப் பஞ்சம் வந்ததிலிருந்து தினமும் மாட்டுங்காவில் கஞ்சி காய்ச்சி தாராவிக்கும் செம்பூருக்கும் கொண்டுபோகிறோம். வரிசையைப் பார்த்துக்கொள்வது நான். ஓட்டுவது சுடலைமுத்து. திருநெல்வேலிக்காரர், தாராவியில் குடும்பம், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர். (பெயர் நீளம். இனிமேல் சு.மு.) டிரைவர் தவிர வேறு யாரும் வண்டியை ஓட்டக் கூடாது. சேட் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

ஆறு வாரமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்டுகிறேன். லாரியைக் கழுவ எடுத்துப் போகிற சாக்கில் சு.மு. கற்றுத் தருகிறார். அவராகத்தான் ஆரம்பித்தார். "படிச்சவுக, சீக்கிரம் வந்திரும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆசை. வேறென்ன. முப்பத்துநாலு வயசில் இப்படி ஒரு ஆசை.

நேற்று வடாலா உப்பளம் பக்கம் காலி ரோடு. பின்னால் எடுக்கப் பழகினேன். என் பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி, ஓரத்துப் பள்ளத்தையே பார்த்துண்டிருந்தேன். சு.மு. பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்றார். திறந்திருந்த கதவு விளக்குக் கம்பத்தில் மாட்டிக்கொண்டது. டமார் என்று ஒரு சத்தம். கதவு முன்பக்கமாக முறுக்கிக்கொண்டு, மேல் கீலைப் பிடிச்சிருந்த போல்ட்டு முறிஞ்சு போச்சு. கீழ்க் கீலில் மட்டும் கதவு தொங்கறது.

கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டோம். "வெசனப்படாதீங்கம்மா, ஒரு போல்ட்டுதான" என்கிறார்.

அவ்வளவு பெரிய கம்பம். அவர் எப்படிப் பார்க்காமல் விட்டார்?

ஜூன் 15, செவ்வாய்

மழை விட்டு விட்டு. தாராவியில் முழங்கால் சேறு. கயிறு கட்டின கதவைத் திறக்க முடியாது, அதனால் இரண்டு பேரும் இடது பக்கத்தால் ஏறி இறங்கினோம். வரிசையில் நின்ற ஒருத்தி, "என்னம்மா, லாரிக்குக் கை முறிஞ்சு போச்சா, தூளி கட்டியிருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வரலை.

திரும்பி வந்தபோது ஷெட் வாசலில் செல்லம் மாமி. சங்கத்தின் காரியதரிசி. கயிற்றைப் பார்த்தாள்.

"என்ன இது? கண்ணை எங்கே வச்சிண்டு ஓட்டறே?" என்று சு.மு.வைக் கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவர் சொல்லிவிட்டார், தன் கைத்தவறுதான் என்று. மாமி பத்து நிமிஷம் ஏசினாள். சனிக்கிழமை சேட்டின் இன்ஜினியர் வண்டியைப் பார்க்க வருகிறார், வண்டியைத் தொடர்ந்து விடுவதா வேண்டாமா என்பது அவர் கையில், அதற்குள் கதவு சரியாகவில்லை என்றால் நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்றாள்.

நான் அரிசிச் சாக்குப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பேசவில்லை. இதை எழுதும்போதும் காது சுடறது.

பிறகு சு.மு.விடம் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீங்க ஓட்டுனீயன்னு சொன்னா வண்டியே போயிரும், நான்னு சொன்னா திட்டோட போச்சு என்றார். அதுவும் சரிதான். ஆனால் சரி என்று ஒத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது.

ஜூன் 16, புதன்

போல்ட்டின் தலை போயிட்டது. கீழ்ப்பாகம் கதவு நிலைக்குள் மரையோடு இறுகிக் கிடக்கு. வெளியே நீட்டிண்டிருந்தால் இடுக்கியால் பிடிக்கலாம். நீட்டலை. நிலையோடு மட்டமாக வெட்டின மாதிரி இருக்கு. அதை எடுத்தால்தான் புதுசு போட முடியும்.

சு.மு. உளியை ஓரத்தில் வைத்துத் தட்டித் தட்டித் திருப்பப் பார்த்தார். அசையலை. துரு. கெரசின் ஊற்றி ஊறவைக்கணும் என்றார். வீட்டிலிருந்து ஒரு சின்னக் குப்பி எடுத்துப் போனேன். பஞ்சில் தொட்டுச் சொட்டு சொட்டாக விட்டோம்.

சாயங்காலம் ஆத்துக்காரர், கெரசின் இவ்வளவு சீக்கிரம் குறைஞ்சிருக்கே என்றார். ஜெயா விளக்கைத் தட்டிவிட்டாள் என்றேன். ஜெயா அங்கேயே உட்கார்ந்து பாடம் எழுதிண்டிருந்தாள். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மறுபடி குனிஞ்சு எழுத ஆரம்பிச்சுட்டாள்.

குழந்தை முன்னால் பொய். குழந்தை பேரிலேயே பொய்.

புளி தீர்ந்துவிட்டது. ரேஷன் கார்டில் ஜெயா பெயர் தப்பு, திருத்தணும்.

ஜூன் 17, வியாழன்

பேனாவைச் சரியாகப் பிடிக்க வரலை. எழுத்து கோணலாக வரும்.

சு.மு.வின் சொந்தக்காரர் ஒருவர் ஒர்க்‌ஷாப்பில் பிட்டர். வந்து எடுத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். இரட்டை ஷிப்டு, வர முடியாதாம். கை டிரில்லும் இரண்டு துளை ஊசியும் ஒரு பழைய அரமும் கொடுத்தனுப்பியிருந்தார். வழியும் சொல்லி அனுப்பியிருந்தார். முறிஞ்ச போல்ட்டின் நடுவில் ஒரு புள்ளி குத்தணும். அந்தப் புள்ளியில் சின்ன ஊசியால் துளை, பிறகு பெரிய ஊசி. துளையில் அரத்தின் வாலை, அந்த நாலு மூலை முனையை, அடித்து இறக்கணும். பிறகு வாலை ஸ்பானரால் இடது பக்கம் திருப்பினால் போல்ட்டும் கூடவே திரும்பி வரும். புள்ளி நடுவில் விழலைன்னா எல்லாம் கெட்டது. மரை போயிடும், நிலையே பாழ்.

கஞ்சி ஊற்றித் திரும்பி வந்த பிறகு, பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். தகரக் கூரையில் மழை கொட்டியது. சு.மு. ஒரு கூர் உளியின் முனையை வைத்து சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"நடுவுல இருக்கா அம்மா?"

இல்லை. ஓரத்தில் இருந்தது. சொன்னேன். விரலால் தடவிப் பார்த்து மறுபடி வைத்தார். மறுபடியும் ஓரம், இந்தத் தடவை போல்ட்டுக்கு வெளியே நிலையிலேயே விழுந்தது. மூன்றாம் தடவை அடிக்கவில்லை. உளியையும் சுத்தியலையும் என்னிடம் நீட்டினார்.

"நீங்க வையுங்க."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கம்பமும் புரிந்தது.

"சுடலைமுத்து, உங்களுக்குக் கண் தெரியலையா?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வலது கண்ணு போன தீவாளியில இருந்தே பனி விழுந்தாப்ல இருக்கும்மா. இடதும் இப்ப லேசா மங்குது."

"அப்போ எப்படி ஓட்டறேள்?"

"நீங்க பக்கத்துல இருக்கீயல்லா. சைக்கிளு, மாடு, புள்ளைன்னு ஒவ்வொண்ணுக்கும் பதறுவீய. அதை வச்சுத்தான் ஓட்டுதேன்."

வழியெல்லாம் நான் கத்துவதைச் சங்கத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். இவர் ஒருவர்தான் ஒருநாளும் சிரித்ததில்லை. நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு ஓட்டக் கற்றுத் தந்ததும் அதற்குத்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். என்னைக்காவது முழுசா மங்கிட்டா அந்தப் பிள்ளைகளுக்குக் கஞ்சி நிக்கக் கூடாதுல்லா என்றார்.

புள்ளியை நான் வைத்தேன். நடுவில் விழுந்தது. டிரில்லை நெஞ்சோடு அழுத்திண்டு கைப்பிடியைச் சுற்றினேன். அவர் வண்டியெண்ணெய் சொட்டு விட்டார். சின்ன ஊசிக்கு முக்கால் மணி, பெரிய ஊசிக்கு அதைவிட மேலே. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். அரத்தின் வாலை அடித்து இறக்கியது அவர். ஸ்பானரைப் பிடித்தது நான். "அவசரப்படாதீங்க. வால் உள்ள ஒடிஞ்சா அம்புட்டுத்தான்." திருப்பினேன். அசையலை. கெரசின் விட்டோம். மறுபடி. பல்லைக் கடிச்ச மாதிரி ஒரு சத்தம். கால் சுற்று. அப்புறம் அரைச் சுற்று. அப்புறம் தானாகவே வந்தது. சுண்டுவிரல் நீளம், செங்கல் நிறம்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கோ கண்ணுக்குள் தாராவி மூலைதான் நின்றது. லாரியைப் பார்த்ததும் நாலு பக்கமும் இருந்து ஓடி வருகிற குழந்தைகள். இத்தனை மாசம்.

ஜூன் 18, வெள்ளி

காலை வண்டி. நான் வாய் ஓயவில்லை. தாராவி சந்து திரும்பியதும் நிறுத்தச் சொல்லி இறங்கி, குடையைப் பிடிச்சுண்டு லாரிக்கு முன்னால் நடந்தேன். சுவாமி புறப்பாட்டுக்குக் குடை பிடிக்கிற மாதிரி என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும்.

தாதரில் ஹார்ட்வேர் கடையில் போல்ட்டு கேட்டேன். யுத்தத்தில் எல்லாம் மிலிட்டரிக்குப் போகிறது, இருப்பதே நாலு தினுசு. நான்கும் சேரலை. பழசு கிடைக்கும், சோர் பஜாருக்குப் போங்கள் என்றான் கடைக்காரன். போனேன். தனியாக. டிராமில். காகிதத்தில் சுற்றின பழைய துண்டு பையில். முறிஞ்ச இரும்பைத் தூக்கிண்டு ஒரு பொம்மனாட்டி எங்கே போறாள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்லுவேன் என்றே யோசிச்சுண்டு போனேன். யாரும் கேட்கலை.

பழைய இரும்புக் கடை ஒன்றில் தாடிக்காரப் பெரியவர். எந்த "சூடி" என்று ஹிந்தியில் கேட்டார். ஹிந்தியில் சூடி என்றால் வளையல். நான் என் கை வளையலைப் பார்த்தேன். அவர் சிரிக்காமல் துண்டை வாங்கி, மரையை நகத்தால் வருடிக் காட்டினார். போல்ட்டில் இருக்கிற மரைக்கும் சூடிதானாம். இது அமெரிக்கா சூடி, பஜாரில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ் சூடி, ஏறுகிற மாதிரி ஏறும், பாதியில் கடிச்சுக்கும், மரையைத் தின்னுடும் என்றார். மூன்று டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தார். கடைசியில் ஒன்று சேர்ந்தது. அரை அங்குலம் நீளம் ஜாஸ்தி. அறுத்துக்கோங்கோ என்றார்.

சாயங்காலம் ஷெட்டில் நான் அளவு சொன்னேன், சு.மு. இரும்பறுக்கிற வாளால் அறுத்தார். முனையை அரத்தால் தேய்த்தார். கதவைப் பலகை வைத்து உயர்த்தித் தோளால் தாங்கிக்கொண்டார். கீல் துளையும் நிலைத் துளையும் நேராக வர நாலு தடவை ஏற்றி இறக்கினோம். "வெரலுக்குப் போவணும். வெரலுக்குப் போகாதது ஸ்பானருக்கும் போகக் கூடாது." விரலுக்குப் போனது. பிறகு ஸ்பானர். கதவு சாத்தினோம், திறந்தோம், சாத்தினோம்.

கிளம்பும் முன்னால் சொல்லிவிட்டேன். நாளைக்கு இன்ஜினியரிடம் கம்பத்தில் இடித்தது நான்தான் என்று சொல்லப்போகிறேன். கண் விஷயத்தை அவரே சொல்லணும். சொல்லவில்லை என்றால் திங்கட்கிழமை மாமியிடம் நான் சொல்லும்படி ஆகிவிடும்.

"சொன்னா வேலை போச்சும்மா" என்றார். கோபமில்லை. வெறுமனே சொன்னார்.

குடையை எடுத்துண்டு வந்துவிட்டேன்.

ஜூன் 19, சனி

இன்ஜினியர் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். பார்சி. கணீரென்ற குரல். பிரேக், விளக்கு, ஹாரன், டயர். கதவை இரண்டு தரம் திறந்து சாத்தினார். கீல் பக்கம் பெயின்ட் உதிர்ந்ததைத் தொட்டுப் பார்த்து என்ன ஆச்சு என்றார். டிரைவரின் அஜாக்கிரதை, கண்டித்துவிட்டோம் என்று மாமி இங்கிலீஷில் சொன்னாள்.

நான் சொன்னேன். ஓட்டியது நான், இடித்தது நான், முறிஞ்ச போல்ட்டை எடுத்துப் புதுசு போட்டதிலும் நான் உண்டு. என் இங்கிலீஷ் எனக்கே கேட்கலை. மாமி "விசாலம்" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

டிரைவர் ஏன் விட்டான் என்று இன்ஜினியர் கேட்டார். சு.மு. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடிச்சுண்டு முன்னால் வந்தார். தமிழில்தான் சொன்னார், நான் இங்கிலீஷில் சொன்னேன். "என் கண்ணு மங்கிட்டு. ரொம்ப நாளாச்சு. அம்மாவுக்கு முந்தாநேத்துதான் தெரியும்."

இன்ஜினியர் ஒன்றும் திட்டவில்லை. சு.மு.வை வெளிச்சத்துக்குக் கூட்டிப் போய்க் கண்ணைப் பார்த்தார். புரை, என் அப்பாவுக்கும் இருந்தது, அறுத்து எடுக்கலாம் என்றார். பிறகு சாவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். சேட் சொல்லும்வரை வண்டி நகரக் கூடாது.

மாமி என்னிடம் பேசாமல் போனாள்.

சாயங்காலம் ஆத்துக்காரரிடம் எல்லாம் சொன்னேன். கெரசின் வரைக்கும். காபி ஆறிப்போச்சு. கேட்டு முடித்து, எழுந்து போய் பால்கனியில் நின்றார்.

ஜூன் 21, திங்கள்

அவர் இன்னும் பேசலை. சாப்பிட்டார், போனார்.

லாரி இல்லை. கஞ்சியைக் கைவண்டியில் ஏற்றித் தாராவிக்குப் பாதிதான் போயிருக்கு. செம்பூருக்கு இல்லை. பதினொரு மணிக்குச் செம்பூரிலிருந்து பத்துப் பெண்கள் பாத்திரத்தோடு நடந்தே சங்கத்துக்கு வந்துவிட்டார்கள், இடுப்பில் குழந்தைகளோடு, மழையில். கஞ்சித் தேக்சாவின் அடியில் இருந்ததை வழித்துக் கொடுத்தோம். ஒருத்தி கேட்டாள், "நாளைக்கு வருமா?" தெரியாது என்றேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ. கதவு சரியாகிவிட்டது. யாருக்கும் தெரிந்திருக்காது. நான் பக்கத்தில் இருந்து கத்திக்கொண்டே இருந்திருப்பேன். எத்தனை நாள்? என்றாவது ஒருநாள் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால்?

இரண்டு பக்கமும் யோசிச்சு யோசிச்சுத் தலைவலி. சுக்கு அரைச்சுப் போட்டேன்.

ஜூன் 24, வியாழன்

வெயில், பத்து நாளில் முதல் தடவை.

அவர் ஆபீசிலிருந்து வந்து ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தார். டிரைவிங் லைசென்ஸ் விண்ணப்பம். பெயர், விலாசம், வயசு எல்லாம் அவருடைய முத்து முத்தான கையெழுத்தில். என் கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஓட்டினதுக்கு நேக்குக் கோபமில்லை. ஜெயா பேரை இழுத்தியே, அதுக்குத்தான்" என்றார்.

நான் ஜெயாவைக் கூப்பிட்டு, விளக்கைத் தட்டினது நீ இல்லை என்று அப்பாவுக்குத் தெரியும் என்றேன். "எனக்கும் தெரியும்" என்றாள். அவர் சிரிச்சுட்டார். ஐந்து நாளைக்கு அப்புறம்.

பிறகு செல்லம் மாமி வந்தாள். மூணு மாடி ஏறி, மூச்சு வாங்க. உட்காரவில்லை. சேட் வீட்டுக்கு நேரில் போனாளாம், செம்பூர்ப் பெண்கள் வந்ததைச் சொன்னாளாம். லைசென்ஸ் வாங்கினால் விசாலம் ஓட்டலாம், வேறு டிரைவர் கிடைக்கிறவரை. எல்லாரும் மிலிட்டரிக்குப் போயாச்சு, எங்கே கிடைப்பான். சு.மு.வுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு சேட்டே வாங்கித் தருகிறார், திரும்பி வந்து டாக்டர் சரி என்றால் வேலை உண்டு.

"நேக்கு உன் மேல கோபம் போகலை. அதை மனசுல வச்சுக்கோ" என்றாள் மாமி. வச்சுக்கிறேன் என்றேன். காபி குடிச்சுட்டுப் போனாள்.

ஜூலை 1, வியாழன்

நேற்று பரீட்சை. சட்டைக்கார சார்ஜன்ட், ஆங்கிலோ இந்தியர். முதல் தடவை என்ஜின் அணைஞ்சு போச்சு. இரண்டாம் தடவை ஓடியது. புடவைத் தலைப்பு பிரேக்கில் மாட்டுமே என்றார். இடுப்பில் செருகிக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

இன்று முதல் வண்டி. இடது பக்கம் மாமி. வேறு யாரையும் நம்பமாட்டாளாம். தாராவி போய்ச் சேர்கிற வரை கண்ணை மூடிண்டு சகஸ்ரநாமம் சொன்னாள். சைக்கிள் வருது, மாடு வருது என்று நான்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். மூலையில் குழந்தைகள் ஓடி வந்தன. இருபதடி முன்னாலேயே நிறுத்திவிட்டேன். என்ஜினை அணைச்சு, சாவியைத் தலைப்பில் முடிஞ்சுண்டேன்.

செம்பூரிலும் ஊற்றியாச்சு. ஒருவர் மேலும் இடிக்கலை.

ஜூலை 11, ஞாயிறு

மழை. ஆஸ்பத்திரிக்குப் போனோம், அவரும் நானும். சு.மு.வுக்கு வலது கண் வியாழக்கிழமை அறுத்தார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை. மனைவி கரண்டியால் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் நன்றாக வந்திருக்கு என்கிறாராம், கட்டு அவிழ்க்கும்வரை ஒன்றும் நிச்சயமில்லை என்றும் சொல்கிறாராம். அவள் கண்ணெல்லாம் சிவப்பு. என்னிடம் கோபமா என்று கேட்கத் தைரியம் வரலை. ஆனால் ஸ்டூலை எனக்கு நகர்த்திப் போட்டாள்.

வலி இருக்கா என்று கேட்டேன். சு.மு.வுக்கு லாரி ஞாபகம்.

"சயான் மேட்டுல எந்த கியர்ல ஏறுதீய?"

"ரெண்டாவது."

"அடுப்புக் கரி தள்ளுவண்டி மாதிரியா போறீய. மூணுல ஏறும்மா அது."

இவர் வாய்விட்டுச் சிரிச்சார். சு.மு.வுக்கும் சிரிப்பு வந்து கட்டிலே ஆடியது. நர்ஸ் ஓடி வந்து எங்கள் மூணு பேரையும் அதட்டினாள்.